புது வீட்டு கேஸ் அடுப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வீடு வாங்கியாயிற்று, பாலும் காய்ச்சியாயிற்று. மேடை என்ன கல், சிம்னி எந்த கம்பெனி என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். மேடைக்கடியில் குனிந்து, கேஸ் டியூப் எந்த வருடத்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. பழைய ஃபிளாட்டை வாங்கியவருக்கு முந்தைய குடும்பம் விட்டுப்போன டியூபும் அடுப்பும் சேர்ந்தே வந்திருக்கும். புதுக் கட்டடம் என்றால், மாடுலர் கிச்சன் போட்டவர் தன் வசதிக்கு இழுத்துவிட்ட இணைப்பு இருக்கும். இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிட வைக்கிற பல கோளாறுகள் அடுப்பிலேயே இருப்பதில்லை என்பது என் கணிப்பு. சிலிண்டர் வாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் வாஷர், ரெகுலேட்டர், டியூப் என்று மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன. அங்கேதான் பாதி வம்பு. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் சிலிண்டரில் தொடங்கி அடுப்பை நோக்கி வாருங்கள். வாடை பலமாக அடிக்கும்போது மட்டும் இந்த வரிசை கிடையாது. அப்போது காரணம் தேடக் கூடாது.

கேஸ் வாடை பலமாக அடிக்கிறது

எல்.பி.ஜி.க்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். அலமாரிக்குள்ளும் மேடைக்கடியிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

முதலில் அடுப்புத் திருகிகளையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பூஜை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எது எரிந்தாலும் அணையுங்கள். கதவு ஜன்னல்களை அகலத் திறந்துவிடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் மூடியை வாயில் அழுத்திப் போடுங்கள். அந்த மூடியைச் சிலிண்டர் வந்த அன்றே தொலைத்துவிடும் வீடுகள்தான் அதிகம். அது கூடவே கிடக்கட்டும்.

சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வாடை போய்விடும் என்று கை தானாக நீளும். அந்த சுவிட்சின் பொறியே போதும் விபத்துக்கு. ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும் சாதனம் என்பதால் அதுவும் கவலைதான். சென்னை அடுக்ககங்களில் பெரும்பாலும் இ.பி. பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கும். அங்கே உங்கள் வீட்டு மெயினை இறக்கலாம். மெயின் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாரை எழுப்ப காலிங் பெல் வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.

எல்லோரும் வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906-க்கு அழையுங்கள். எந்த எண்ணெய் நிறுவனத்தின் சிலிண்டராக இருந்தாலும் கசிவுக்கு இந்த ஒரே எண்தான், 24 மணி நேரமும் இயங்கும். தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112. மூடி போட்ட பிறகும் சிலிண்டர் வாயில் ‘உஸ்’ சத்தம் நிற்கவில்லை என்றால் வால்வே கசிகிறது. உங்களால் பத்திரமாக முடிந்தால் மட்டும் அதை நிமிர்த்தியபடியே திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். லிஃப்டில் ஏற்றக் கூடாது. முடியாவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும், நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

வாடை லேசாக, விட்டுவிட்டு வருகிறது

இங்கேதான் துப்புத் துலக்கும் வேலை. வாடை எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் இடம் தானாகத் தெரியும்.

புதுச் சிலிண்டர் மாட்டும் நொடியில் மட்டும் வந்து போனால் பரவாயில்லை. மாட்டிய பிறகும் தொடர்ந்தால், சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரைப் பாருங்கள். சில நேரம் அது வெடித்திருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. இதற்குச் சரியான நேரம் சிலிண்டர் போட வந்தவர் வாசலில் நிற்கும்போதுதான். மூடியைத் திறந்து, வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வால்வு கசிகிறது, அந்தச் சிலிண்டரை வாங்கவே வேண்டாம். அப்படியே எடையும் போடச் சொல்லலாம். சிலிண்டரில் அடித்திருக்கும் வெற்று எடையோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய கணக்கு. அவர் அவசரப்படுவார், மூன்று மாடி ஏறி வந்த களைப்பு அவருக்கு. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், செய்வார்.

காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் வாடை வருகிறதா? இரவு ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். (தினமும் செய்ய வேண்டியதுதான் அது.) மறுநாள் வாடை இல்லை என்றால் கசிவு ரெகுலேட்டரிலோ, டியூபிலோ, அடுப்புத் திருகியிலோ இருக்கிறது. மூடியிருந்தும் வாடை வந்தால் சந்தேகம் சிலிண்டர் வால்வின் மேல். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, ஏஜென்சிக்குச் சொல்லிச் சிலிண்டரை மாற்றுங்கள்.

சிலிண்டர் தீரும் சமயத்தில் மட்டும் வாடை கூடினால் பெரும்பாலும் கோளாறு இல்லை. வாசனைப் பொருள் கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் தங்கி, கடைசியில் கூடுதலாக வெளிவரும். ஆனாலும் ஒருமுறை சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சோப்புத் தண்ணீர் சோதனை இப்படி: ஒரு டம்ளரில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் நுரைக்கக் கலக்குங்கள். அடுப்புத் திருகிகள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். பழைய பிரஷ்ஷால் ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், அதன் மூக்கில் டியூப் ஏறும் இடம், டியூபின் முழு நீளம், அடுப்பின் பின்னால் டியூப் நுழையும் இடம், கடைசியாகத் திருகிகளின் கழுத்து என்று வரிசையாகத் தடவுங்கள். குமிழி புடைத்து எழும் இடம்தான் கசியும் இடம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆசாமிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

எங்கே தடவியும் குமிழி இல்லை, வாடை மட்டும் இருக்கிறது என்றால் சிங்க் குழாய், தரை வடிகால், லாஃப்டில் செத்த எலி என்று நம் ஊருக்கே உரிய வேறு காரணங்கள் உண்டு. முழங்கால் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். கேஸ் என்றால் கீழேதான் வாடை அதிகம் இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, ஏஜென்சி ஆளை வரவழையுங்கள்.

டியூபில் வெடிப்பு, பிசுபிசுப்பு, அல்லது வருடமே தெரியவில்லை

வீடு மாறி வந்த முதல் வாரமே பழைய டியூபைத் தூக்கிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பச்சை ரப்பர் டியூப் மாட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் இருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கும். அதையும் 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எட்டவில்லை என்று இரண்டு துண்டை ஒட்டுப்போடவே கூடாது. சிலிண்டரையோ அடுப்பையோ நகர்த்துங்கள்.

அழுக்காகிறது என்று டியூப் மேல் துணி உறை, பிளாஸ்டிக் உறை மாட்டுகிறவர்கள் உண்டு. உறைக்குள் வெடிப்பு எப்படித் தெரியும்? அதேபோல் இறுக்கமாக இருக்கிறது என்று டியூப் நுனியை நெருப்பில் காட்டி இளக்கி மாட்டுவதும் தவறு. மூக்கின் முழு நீளத்துக்கும் அது ஏறியிருக்க வேண்டும்.

பெரிய தொல்லை சுவருக்குள் ஓடும் டியூப். சிலிண்டரை சர்வீஸ் பால்கனியில் வைத்துவிட்டு, சுவரில் ஓட்டை போட்டு டியூபை உள்ளே இழுத்திருப்பார்கள். சுவருக்குள் இருக்கும் அரை அடியைப் பார்க்கவும் முடியாது, தடவவும் முடியாது. எலிக்கு மட்டும் அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கே செம்புக் குழாய் போட்டு, அடுப்புப் பக்கம் கைக்கு எட்டும் ஒரு வால்வு வைக்க வேண்டும். இது தச்சர் வேலையும் இல்லை, பிளம்பர் வேலையும் இல்லை. ஏஜென்சி வழியாகச் செய்யுங்கள்.

மாடுலர் கிச்சனில் சிலிண்டரை அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். மேலே மட்டும் வெட்டி வைத்திருப்பதால் பிரயோஜனம் இல்லை, கேஸ் இறங்கும் இடம் கீழே. அலமாரிக்குள் ப்ளக் பாயிண்ட் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக நிற்க வேண்டும். தரையில் அடுப்பு வைத்துச் சமைக்கும் பழக்கம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

நெருப்பு மஞ்சளாக எரிகிறது, பாத்திர அடி கறுக்கிறது

நல்ல சுவாலை நீலமாக, அடியில் கூர்மையாக நிற்கும். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை, கேஸ் அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்திருப்பது முதல் காரணம். அடுத்தது, பொங்கிய பாலும் சாம்பாரும் காய்ந்து துளைகளை அடைத்திருப்பது. பர்னர் ஆறிய பிறகு கழற்றி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஊசி பர்னர் துளைகளோடு நிற்கட்டும். உள்ளே கேஸ் பீறிட்டு வரும் முனையான ஜெட்டில் ஊசி விட்டால் அந்த நுண்ணிய துளை அகலமாகிவிடும். பிறகு கேஸ் கூடுதலாக வந்து மஞ்சள் இன்னும் மோசமாகும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டு அடுப்பு என்றால் பர்னருக்குக் காற்று கலந்து போகும் குழாயில் கரப்பானோ சிலந்தியோ குடியிருக்கும். குழாயைத் தட்டி, நீளப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்தால் நீலம் திரும்பிவிடும். சில சமயம் தண்ணீர் பொங்கி வழியும்போது உப்பின் சோடியத்தால் ஆரஞ்சுப் பொறி பறக்கும். அது தானாக அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

சென்னையில் இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எண்ணூர் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019-இல் திறந்த பிறகு, குழாய் வழி இயற்கை எரிவாயு மெல்ல மெல்ல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டு வாயுவுக்கும் ஜெட் அளவு வேறு. குழாய் எரிவாயுவுக்குப் பெரிய துளை, சிலிண்டருக்குச் சின்னத் துளை. குழாய் இணைப்புக்கு மாற்றிய பழைய அடுப்பை யாராவது உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் சிலிண்டரில் மாட்டினால் நெருப்பு மஞ்சளாக உயரும், கரி அப்பும். அதை அணைத்துவிட்டு, ஜெட் மாற்றிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பைக் குழாயில் மாட்டினால் நேர்மாறு, நெருப்பு சோம்பிப்போய் எரியும். இன்னொன்று: இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. அது கூரைப் பக்கம் ஏறும் என்பதால் மேலே காற்றுப்போக்கி வேண்டும்.

நெருப்பு குறைவாக வருகிறது

ஒரு பர்னரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த பர்னர், அதன் ஜெட், அதன் திருகி. எல்லாவற்றிலும் என்றால் சிலிண்டர் பக்கம் போங்கள். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் தாமதமாகக் காயும், எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். கேஸ் இருக்கிறது, ஆனால் வரவில்லை என்றால் இழுப்பறைக்குப் பின்னால் டியூப் மடங்கி நசுங்கியிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் ரெகுலேட்டர். அதைத் திறந்து பார்க்காதீர்கள், கடையில் வேறு வாங்கியும் மாட்டாதீர்கள். அது கம்பெனியின் சொத்து, ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடிகளில் கீழே சிலிண்டர் வங்கி வைத்து, குழாயில் மீட்டர் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் குறைவு என்றால் அசோசியேஷன் பார்க்க வேண்டிய வேலை. மீட்டர் இருப்பதில் ஒரு லாபம் உண்டு: எல்லாத் திருகியையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிவு இருக்கிறது.

திருகி இறுகிவிட்டது, ‘டப்’ என்று வெடிக்கிறது, பற்றவில்லை

திருகி இறுகுவது உள்ளே பூசிய கிரீஸ் காய்ந்துபோவதால். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் கைவைத்தியம். நாலு நாள் வழுக்கும், பிறகு பிசினாகிவிடும். மெக்கானிக்கிடம் வெப்பம் தாங்கும் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். குறடால் திருகவே வேண்டாம்.

அணைக்கும்போது ‘டப்’ என்றால் நெருப்பு பர்னருக்குள் போய்த் திரும்புகிறது. பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை அல்லது தேய்ந்துவிட்டது. தானாகப் பற்றும் ஆட்டோ ஹாப் அடுப்பில் திருகியை விட்டதும் நெருப்பு அணைந்தால் பாதுகாப்பு உணரி சூடாக நேரம் கொடுங்கள். சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் அணைந்தால் பர்னர் பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்ன முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். ‘டிக் டிக்’ சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் கழுவிய ஈரம் காயவில்லை.

குளிக்கும்போது தலைசுற்றல், குமட்டல்: கேஸ் கீசர்

முந்தைய உரிமையாளர் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டிவிட்டுப் போயிருந்தால் அதைக் கழற்றும்வரை தொடாதீர்கள். மூடிய சின்ன அறையில் எரியும் நெருப்பு அங்குள்ள ஆக்ஸிஜனைத் தின்னும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாடை இல்லை, நிறமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி, அப்புறம் மயக்கம். ஏதோ பித்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டால் எழ முடியாது. நம் ஊர்க் குளியலறைகளில் கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து மூடியிருப்பார்கள் என்பது கூடுதல் ஆபத்து.

யாராவது உள்ளே போய் நேரமாகிறது, குரல் கொடுத்தால் பதில் இல்லை என்றால் கதவை உடைத்துத் திறந்து, அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, கீசரை மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். லேசாகத் தலை சுற்றியவரும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும், கேஸ் கீசர் என்று சொல்ல வேண்டும்.

கீசரையும் அதன் சிலிண்டரையும் வெளியே, காற்றோட்டமான சர்வீஸ் பால்கனியில் வைத்து, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். அங்கே பற்றவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து தண்ணீர் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீடுகளில் அழுத்தம் போதாமல் கீசர் பற்றாது. போர் தண்ணீர் வீடுகளில் நுழைவாயில் சல்லடை உப்புப் படிந்து அடைத்திருக்கும். இவ்வளவும் சொன்னாலும், மார்கழி மாதத்துச் சில வாரங்களைத் தவிர சுடுதண்ணீர் தேவைப்படாத ஊரில் இதற்கு அவசியம் உண்டா என்று எனக்குத் தோன்றும்.

சிலிண்டரில் துரு, தேதி தாண்டிய எழுத்து

கைப்பிடிப் பட்டையின் உட்புறம் ‘பி 27’ மாதிரி ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ முதல் டி வரை வருடத்தின் நாலு காலாண்டுகள். பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், 27 என்றால் 2027. அதற்குள் அந்தச் சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை வாங்க வேண்டாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரத்தில் அடிவளையம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத் தரையில் நேராக வைக்காமல் டிராலியில் வையுங்கள்.

இணைப்பு யார் பெயரில்?

இதுவும் பாதுகாப்புச் சங்கதிதான். எண்ணெய் நிறுவனங்கள் பதிவுபெற்ற வாடிக்கையாளர்களுக்காக எடுத்திருக்கும் காப்பீட்டில், பொருள் சேதத்துக்கான பங்கு பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும்தான். பழைய வீட்டு முகவரியில் இணைப்பு இருக்க, சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் உடனே மாற்றுங்கள். முந்தைய உரிமையாளர் சிலிண்டரை “நீங்களே வெச்சுக்கோங்க சார்” என்று விட்டுப்போனாலும் அது அவர் பெயரில் இருப்பது, அவர்தான் ஒப்படைக்க வேண்டும். முகவரி மாற்றப் போகும்போதே 5 வருடத்துக்கு ஒருமுறை செய்யும் கட்டாயச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளம் வந்து போன பிறகு

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வாங்கியிருந்தால் 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் நினைவிருக்கும். தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி உயரத்தில் வைத்து, சிலிண்டருக்கு மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். காலிச் சிலிண்டர் மிதக்கும், டியூபோடு சேர்ந்தால் இழுத்துப் பிய்க்கும். வடிந்த பிறகு, தண்ணீரில் மூழ்கிய ரெகுலேட்டரையும் டியூபையும் காயவைத்து மாட்ட வேண்டாம், இரண்டையும் மாற்றுங்கள். சிலிண்டர் வாய்க்குள் சேறு இருந்தால் குத்தி எடுக்காமல் ஏஜென்சியிடம் திருப்பிக் கொடுங்கள். அடுப்பின் பர்னர், குழாய், ஜெட் எல்லாவற்றையும் மெக்கானிக் கழற்றி உலர்த்தி மாட்டிய பிறகு, சோப்புத் தண்ணீரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.